மேட்டில் நட்ட குச்சி

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மரக்காணத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும், மீதிப் பேர் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஊர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்த ஊர்தானே.

நான் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். பத்தாவது வரை படித்த புண்ணியத்தில் எங்கள் மகளிர் குழுவின் தீர்மான நோட்டை எழுதுவதும் நான்தான். வருகை தந்தோர், பேசப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது என்று மாதாமாதம் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அந்த நோட்டில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் செய்தது எதுவும் புரியாது. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, ரோட்டோரம் குவிந்திருக்கிற பெரிய அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்கள். விடியற்காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நடை. உப்புக்கூடை கனமென்றால் அப்படி ஒரு கனம், தன் கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருத்தி பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அவள் நல்ல உயரம். அதனால் மேஸ்திரி அவளைத் தூக்கிவிடுகிற வேலைக்குப் போட்டார். வரிசையில் நிற்கிற நாங்கள் இருபத்திரண்டு பேரும் அவள் கையைத் தாண்டாமல் ஒரு நடைகூடப் போக முடியாது. மேஸ்திரி செய்த அந்த ஒரு காரியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவள் வேலைக்கு வந்த மூன்றாம் நாள். கூடையில் கை வைத்தவள் தூக்கவில்லை.

“தண்ணி குடிச்சியாக்கா?”

“அட தூக்குடி, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு குடி, தூக்கறேன்.”

சைக்கிள் கேரியரில் ஒரு நீல கேன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். டம்ளரை என் வாயருகே நீட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. கீழே விழுந்த டம்ளரை எடுத்துத் தாவணியில் துடைத்து, மறுபடியும் நிரப்பி நீட்டினாள். எனக்குப் பின்னால் தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். எங்களில் மூத்தவள், வாய் என்றால் வாய், அவள் திட்டினால் காக்கா கூட உட்காராது. அவள் ஆரம்பித்த திட்டை இங்கே எழுத முடியாது. அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “திட்டுனதுல தொண்டை காஞ்சிருக்கும், நீயும் ஒரு மடக்கு குடிக்கா” என்றாள் அந்தப் பிசாசு.

நாங்கள் ஏன் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? உப்பளம் தட்டு மாதிரி இருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு செடி கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது. குனிந்தால் கூட ஈசிஆர் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தெரியும். சவுக்குத் தோப்புக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும், அதற்குள் மேஸ்திரி நம் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார். அதனால் முந்தின நாள் இரவுச் சோற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர், அதோடு சரி. மறுநாள் வீட்டுக்குத் திரும்பினால்தான் அடுத்த டம்ளர். எங்கள் அம்மா அப்படித்தான் இருந்தாள், அவளைப் பார்த்து நான் இருந்தேன். எல்லோருக்கும் அடிவயிறு எரியும். எரிகிறது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அம்மாவும் எங்களோடு சுமந்தவள்தான். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்பா இல்லை. திண்டிவனம் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த பெண், சென்னையில் வேலைக்குப் போக முடியாமல் எங்களோடு வந்து நின்றதற்குக் காரணம் அந்த இரண்டு நாட்கள். “எங்கம்மாவுக்கு வந்தது சாமி குத்தம் இல்லக்கா. தாகம்” என்பாள். டாக்டர் சொன்னாரா, இவளாகச் சொன்னாளா, தெரியாது. ஆனால் அதைச் சொல்கிறபோது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

குடிக்க வைத்துவிட்டால் ஆயிற்றா? குடித்தால் போக வேண்டும். அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான்கு சவுக்குக் கழி, பழைய உப்புச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு திரை. வரப்பில் நட்டால் நான்கு பக்கமும் மறைப்பு, வேலை முடிந்ததும் சுருட்டிக் கேரியரில் கட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பத்து மணிக்குக் கடல்காற்று எழும்பிய நேரத்தில் தனபாக்கியம் உள்ளே இருந்தாள். சாக்கு, கழி எல்லாம் பிடுங்கிக்கொண்டு பறந்து நாலு பாத்தி தாண்டி விழுந்தது. தனபாக்கியம் அலறிய அலறல் கடலில் போட் ஓட்டிப் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். எடைமேடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

அன்று தனபாக்கியம் அவளைக் கையாலேயே அடித்தாள், முதுகில் இரண்டு. வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு போய்த் திரையை எடுத்துவந்து மடித்தாள். மடிக்கும்போது தோள் குலுங்கியது. சிரிக்கிறாளோ என்று கிட்டப்போய்ப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். “துணியால ஆவாதுக்கா. செங்கல்தான் வேணும்” என்றாள்.

அன்றிலிருந்து செங்கல் பைத்தியம் பிடித்தது. நான்கு நாள் அளம், இரண்டு நாள் அம்மா, மிச்சம் இருந்த ஒரு நாளும் மனு. திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுவாள், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு. ஒருமுறை துணைக்கு நானும் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. மனுவை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு லேசாகச் சிரித்து, “உப்பளத்துல டாய்லெட்டா?” என்றார். இவள் கேட்டாள்: “சார், காலையிலேர்ந்து நீங்க எத்தனை தடவை போனீங்க?”

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகம் சிவந்து, “அடுத்த ஆள்” என்றார். வெளியே வந்ததும் இவளுக்கே அவசரம். அந்த ஆபீஸ் முழுக்கத் தேடினோம். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடமோ இருக்கிறதாம், அவர் லீவாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் பையிலிருந்து பேப்பரை எடுத்து, அந்தப் பூட்டையும் சேர்த்து இரண்டாவது மனு ஒன்று எழுதினாள். மறுபடியும் அதே வரிசையில் போய் நின்றாள். வேண்டாம்டி என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே!

அளத்தை எடுத்து நடத்துகிற குத்தகைக்காரர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பாத்தியில் செருப்புப் போட்டு இறங்க மாட்டோம். உப்பு எங்களுக்கு மகாலட்சுமி. வருஷத்தின் முதல் உப்புக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கூடையில் அள்ளுவோம். அவருக்கும் அதுதான் பேச்சு.

“மகாலட்சுமி வெளையற எடத்துல கக்கூஸ் கட்டணும்னு மனு போடறியாமே? படிச்ச திமிரா?”

“அண்ணே, இப்ப மட்டும் பொம்பளைங்க எங்க போறாங்கன்னு நெனைக்கறீங்க? அடக்க முடியலன்னா முழங்கால் தண்ணியில நின்னபடியேதான். உங்க பாத்தியிலதான்ணே.”

இருபத்திரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். தனபாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது உண்மை. நான் எத்தனையோ நாள் அப்படி நின்றிருக்கிறேன். உண்மையை இப்படிப் பட்டப்பகலில் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவள் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது எனக்கு. குத்தகைக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, கட்டித் தொலைக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினார்.

இந்தப் பேச்சு ஊருக்குள் போயிற்று. கக்கூஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பையன்கள் கத்துவார்கள். கடப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தம் அந்தப் பெயரோடு நின்றுபோனது. “போனா போவுது, அந்த வீட்லயும் கக்கூஸ் இல்லியாம்” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மா மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒன்றரை வருஷம் அலைந்த பிறகு ஒன்றிய அலுவலகத்திலிருந்து நிதி வந்தது. இரண்டு அறை, தகரக் கதவு, உறை இறக்கின குழி, தண்ணீர்த்தொட்டி. எந்த இடம் என்பதை நீங்களே காட்டுங்கள் என்றார்கள். அவள் ரோட்டோர மேட்டைக் காட்டினாள். பழைய காலத்தில் அம்பாரம் போட்ட மேடு அது, பாத்தியைவிட ஓர் ஆள் இடுப்பளவு உயரம். அங்கே ஒரு சவுக்குக் குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டி, “கீழ எங்க தோண்டுனாலும் ஒரு அடியில தண்ணி ஊறும். மேட்டுலதான் குழி நிக்கும்” என்று எங்களுக்குச் சொன்னாள். அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எட்டு வயதிலிருந்து அந்த மண்ணில் நிற்கிறேன். அதன் அடியில் எது எப்போது ஊறும் என்று என் உள்ளங்காலுக்கே தெரியும்.

ஆனால் அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் எடைமேடை, அந்தப் பக்கம் டீக்கடை. பொழுதுக்கும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடம். தனபாக்கியம் கேட்டாள்: “அத்தினி ஆம்பளைங்க கண்ணு முன்னாடி டப்பாவைத் தூக்கினு எப்படிடி போறது?”

“அவங்க சுவத்தோரம் நிக்கறதை நாம பாக்கறதில்லியா? ரெண்டு நாள் பாப்பாங்க, மூணாம் நாள் டீ குடிக்கப் போயிடுவாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு வெட்கமே இல்லை என்று அன்று மாலை நடந்து வரும்போது எல்லோரும் பேசிக்கொண்டோம்.

கொத்தனார் வந்த நாள் அவள் அம்மாவின் ஆஸ்பத்திரி நாள். அந்த முறை அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, படுக்கையில் சேர்த்துவிட்டார்கள், நான்கு நாள் திரும்பவில்லை. கொத்தனார் செங்கல் வண்டியோடு வந்து, “எடம் எதும்மா?” என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே குழுவில் நோட்டு எழுதுகிறவள், பத்தாவது படித்தவள்.

நான் மேட்டுக்குப் போனேன். குச்சியைப் பிடுங்கினேன். வரப்பு வழியாக நடந்து, வாய்க்கால் ஓரம், அம்பாரத்துக்குப் பின்னால், எந்த ஆணின் கண்ணுக்கும் தெரியாத பள்ளத்தில் அதை நட்டேன். பின்னால் நின்ற பெண்கள் “ஆங், இது மறைவா இருக்குது” என்றார்கள். கொத்தனார் காலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, “இங்க தாங்குமாம்மா? ஈரமா கீதே” என்று கேட்டார். அது சித்திரை மாசம், தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த சமயம். “தாங்கும் தாங்கும், தோண்டுங்க” என்றேன். தாங்காது என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததை மீறி வெட்கம் வாயை அடைத்துவிட்டது. இதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு காரணம் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது சுவர் தோளளவு எழும்பியிருந்தது. மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“யாருக்கா மாத்துனது?”

“கொத்தனாருதான். மேட்டுல செங்கல் வண்டி ஏறலையாம்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவள் நம்பினாள். ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினாள். இப்போது நிறுத்தினால் நிதி திரும்பிப் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து சுவரில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். “சரி, வர்ற வருஷம் குழியை மட்டும் மேட்டுக்கு மாத்திக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை. நாங்கள் தண்ணீர் குடித்தோம். கேனில் தண்ணீர் போதாமல் இரண்டாவது கேன் கொண்டுவந்தாள். கூடை வரிசையில் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. வெயிலில் தலை சுற்றி விழுவது நின்றது. இருபது வருஷமாக என் அடிவயிற்றில் இருந்த எரிச்சல் ஒருநாள் காலையில் இல்லை. நம்ப முடியாமல் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளிடம் மட்டும் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரும் வேர்வையுமாக இருந்த என்னை என் சொந்தப் பெண்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஆடிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் போனபோது நாற்றம் ரோட்டிலேயே அடித்தது. உறைக்குழி நிரம்பி, வாய்க்காலில் கலந்து, வாய்க்கால் வழியாகப் பத்துப் பதினைந்து பாத்திகளுக்குள் போயிருந்தது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய பாத்தி மஞ்சளாகக் கிடந்தது. குத்தகைக்காரர் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். மகாலட்சுமி மேல் பீயைக் கொட்டிவிட்டாளே பாவி, கொட்டிவிட்டாளே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அந்தப் பக்கப் பாத்திகளை மூடிவிட்டார்கள். அந்த வருஷம் எங்களுக்கு அதோடு வேலை இல்லை. கழிப்பறைக் கதவை யாரோ கழற்றிப்போனார்கள், செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு முன்பே அங்கே ஒன்றும் இல்லை. கக்கூஸ்காரியை உள்ளே விட்டால் யாருக்கும் வேலை கிடையாது என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். பக்கத்து அளங்களிலும் அதே பேச்சு. இடத்தை மாற்றியது யார் என்று எங்களில் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. எங்களுக்குள்கூட அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. தனபாக்கியம்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அவளைத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டாள். இருபத்திரண்டு வீடு. சில வீடுகளில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“மன்னிச்சிடுக்கா. எடம் மாறுனப்பவே நான் நிறுத்தியிருக்கணும். பணம் திரும்பிப் போயிடுமேன்னு பயந்துட்டேன். உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்.”

நான் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. “சரி உடுடி. நடந்தது நடந்துபோச்சு” என்றேன். மன்னித்தேன்! நான் அவளை மன்னித்தேன்! தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்த மார்கழியில் அவள் அம்மா செத்துப்போனாள். சாவுக்கு எங்கள் வரிசையிலிருந்து நான்கு பேர்தான் போனோம். பிறகு அவள் சித்தாள் வேலைக்குக் கூனிமேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. பி.எஸ்சி. படித்தவள் கலவைச் சட்டி தூக்குகிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். அளத்தில் கூடை தூக்கிவிட வேறொருத்தி வந்தாள். அவள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. தண்ணீர் குடிப்பதை நாங்களாகவே விட்டுவிட்டோம். எரிச்சல் பழையபடி வந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, போன பங்குனியில் ஒரு ஜீப் வந்தது. தொழிலாளர் நலன் பார்க்கிற பெரிய அதிகாரி, ஒரு பெண். பின்சீட்டிலிருந்து அவள் இறங்கினாள். கறுத்துப்போயிருந்தாள், கையெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது. எத்தனை மனு போட்டு அந்த அதிகாரியை இழுத்து வந்தாளோ! குத்தகைக்காரரும் மேஸ்திரியும் ஓடிவந்து கைகட்டி நின்றார்கள். நாங்கள் கூடைகளை இறக்கிவிட்டு வரிசையாக நின்றோம்.

அதிகாரி நல்ல மாதிரி. நாற்காலி வேண்டாம் என்று வரப்பிலேயே நின்று பேசினார். “மறுபடியும் கட்டித்தர நான் தயார். ஆனா போன தடவை உப்பு கெட்டுப்போச்சுன்னு ஃபைல்ல ரிப்போர்ட் இருக்குது. இந்த நெலத்துக்கே கழிப்பறை ஒத்துவராதுன்னு எழுதியிருக்காங்க. நெலத்தோட தப்பா, எடத்தோட தப்பா? உங்களுக்குத்தான் இந்த மண்ணு தெரியும். யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

பெண்கள் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “குழுவுல நோட்டு எழுதறது யாரு?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். மேடு அங்கேதான் இருந்தது, கையை நீட்டிக் காட்டுகிற தூரத்தில். அங்கே கட்டினால் நிற்கும், அங்கேதான் கட்டச் சொன்னாள், குச்சியைப் பிடுங்கியது நான். மூன்றே வாக்கியம். குத்தகைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க மேடம். அந்தப் பொண்ணுதான் எல்லாம் பாத்துச்சு” என்றேன்.

“ஆமாங்க மேடம். நான்தான் பாத்தேன்” என்றாள் அவள்.

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். “வேற யாருக்காவது கழிப்பறை வேணுமா?” என்றார். “வேணாங்க, பழகிப்போச்சு” என்றாள் தனபாக்கியம். அதிகாரி ரோட்டைப் பார்த்து நடந்தார். குத்தகைக்காரர் பின்னாலேயே போனார்.

அவள் மட்டும் என்னிடம் வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

“போன வருஷம் கூனிமேட்டுல ஒரு கட்டடத்துல அந்தக் கொத்தனாரைப் பாத்தேங்க்கா. எல்லாம் சொல்லிட்டாரு.”

“அப்புறம் ஏன்டி நீயே சொல்லல?” என்று எப்படியோ கேட்டேன்.

“நான் சொன்னா நாளைக்கே உன்னை அளத்துல ஏத்த மாட்டாங்க. பெரிய அதிகாரி முன்னாடி நீயே சொன்னா உன்மேல கை வெக்க பயப்படுவாங்க. அதுக்குத்தான்க்கா அவங்களை இட்டாந்தேன்.” குரலில் கோபமே இல்லை. “சரி, நான் பஸ்ஸுல போய்க்கறேன். நீ வேலையைப் பாரு.”

ஜீப் இருந்த பக்கம் போகாமல், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் மறுபடியும் கூடையோடு வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். ஜீப் இன்னும் போகவில்லை. டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார், குத்தகைக்காரர் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வரப்பு வழியாக ஓடினால் நூறு தப்படிகூட இருக்காது. அவர் அந்த டீயை மெதுவாகத்தான் குடித்தார், முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போகவில்லை.